உதவிப் பணமும் சனிக்கிழமை வகுப்பும்

சனிக்கிழமைகளில் காலை எட்டரை மணிக்குப் பதுளை பஸ் நிலையத்தில் ஹாலிஎலப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறுவேன். என் இடது கால், முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். ஒன்பது வயதில் நடந்த வீதி விபத்து ஒன்றின் மிச்சம் அது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் தேயிலைக்கு நடுவே ஒரு மேட்டுப் பாதை. அதன் முடிவில் தோட்டத்துச் சனசமூக நிலையம். அங்கே லயன் பிள்ளைகள் இருபது பேருக்கு எங்கள் கல்லூரி மாணவிகள் மூவர் தமிழும் கணிதமும் சொல்லிக்கொடுக்கிறோம். சம்பளம் கிடையாது. தோட்டத்தார் தரும் பிளேன்ரீயும் வேர்க்கடலையும்தான் எங்கள் வருமானம்.

இதைப் பெருமைக்காக எழுதவில்லை. வகுப்புத் தொடங்கிய மூன்றாவது வாரமே எங்கள் வீட்டில் ஒரு கலவரம் வந்தது. அன்று இரவு தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உம்மா மெதுவாகச் சொன்னார்:

"மகள், நீ அங்க பெய்த்துப் படிச்சிக் குடுக்கியத யாரும் கண்டு எழுதிப் போட்டா, ஒன்ட சல்லிய நிப்பாட்டிருவாங்களாம். பக்கத்து வீட்டு மாமி செல்றாங்க."

"சல்லி" என்று உம்மா சொன்னது, மாற்றுத்திறனாளி என்ற வகையில் என் பெயருக்கு மாதாமாதம் வரும் அரசாங்கக் கொடுப்பனவை. வாப்பாவுக்குக் கடையொன்றில் நாட்கூலி. வளர வளரச் செயற்கைக் காலை மாற்ற வேண்டும். வெட்டிய இடத்தில் போடும் உறை தேய்ந்தால் புண் வரும். கிளினிக் போக ஆட்டோ வேண்டும். அந்தப் பணம் நின்றால் எங்கள் வீட்டில் எது முதலில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். உயர் தர ரியூஷன் வகுப்புகள்தான்.

பணத்தை விட இன்னொன்று என்னை உறுத்தியது. "இயலாதவள் என்று சொல்லிப் பணம் எடுக்கிறாய், ஆனால் மலையேறிப் போய்ப் படிப்பிக்கிறாய். அப்படியென்றால் நீ ஏமாற்றுகிறாயா?" யாரும் என்னிடம் இப்படி நேரே கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி பஸ்ஸிலும் வகுப்பிலும் என்னோடு வந்தது. அதற்கு விடை தேடிப் படித்தவற்றையும் விசாரித்தவற்றையும் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை. நம் ஊரில் இதே பயத்தோடு வீட்டுக்குள் இருப்பவர்கள் பலர்.

முதலில் இந்தக் கொடுப்பனவு என்ன என்று பார்ப்போம். வறிய குடும்பங்களைச் சேர்ந்த மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு மாதந்தோறும் உதவிப் பணம் வழங்குகிறது. ஒரு காலத்தில் அது 3,000 ரூபா. பின்பு 5,000 ஆனது. 2023 ஆம் ஆண்டு அஸ்வெசும திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம் அதற்கு அடிப்படை. 2024 இல் இந்தக் கொடுப்பனவு 7,500 ரூபாவாகவும், 2025 ஏப்ரல் முதல் 10,000 ரூபாவாகவும் உயர்ந்தது. சிறுநீரக நோயாளிகளுக்கும் இதே தொகைதான். நம் மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டைப் பக்கத்தில் அந்த நோய் எத்தனை விவசாயக் குடும்பங்களைச் சாய்த்திருக்கிறது என்பது ஊவாவில் உள்ளவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இந்தக் கொடுப்பனவைப் பெறும் வழி கிராம உத்தியோகத்தரிடம் தொடங்குகிறது. பிறகு பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தர். பிறகு வைத்தியரின் அத்தாட்சி. இந்த வழி முழுவதும் பார்க்கப்படுவது இரண்டு விடயங்கள். ஒன்று, வைத்தியர் உறுதிப்படுத்திய இயலாமை. மற்றது, குடும்பத்தின் வறுமை நிலை. என் இயலாமை, முழங்காலுக்குக் கீழே கால் இல்லை என்பது. நான் வினைச்சொல் படிப்பித்தாலும் படிப்பிக்காவிட்டாலும் அந்தக் கால் வளரப் போவதில்லை. எங்கள் வறுமை, வாப்பாவின் நாட்கூலி. சனிக்கிழமை வகுப்பு அதில் ஒரு ரூபாவைக் கூட்டவில்லை. ஆகவே, நான் எதை மறைத்தேன்? எதையும் மறைக்கவில்லை.

இவ்வளவு எளிதான விடயத்தில் ஏன் இத்தனை பயம்? சனிக்கிழமைகளில் தோட்டத்தில் பேசிப் பார்த்தபோதுதான் அதன் வேர் எனக்குப் புரிந்தது. தோட்டத்தில் காய்ச்சல் வந்தால் வேலைக்குப் போகாமல் மருந்து எடுத்து வீட்டில் இருப்பார்கள். அன்றைக்கு அந்தப் பெண்ணைக் கடைவீதியில் யாராவது கண்டால், "மலைக்குப் போக ஏலாதவளுக்குப் பஸாருக்குப் போக மட்டும் ஏலுமா?" என்று கேட்பார்கள். இரண்டு நாள் காய்ச்சலுக்கு இந்தக் கேள்வி ஓரளவு பொருந்தலாம். அதையே வாழ்நாள் இயலாமைக்கும் பொருத்திவிடுகிறார்கள். வருத்தக்காரர் என்றால் படுத்திருக்க வேண்டும், எழுந்து நடந்தால் வருத்தம் பொய் என்று ஆகிவிடுகிறது.

உண்மையில் நம்மிடையே நான்கு வகை ஏற்பாடுகள் இருக்கின்றன. அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவது, சில நாள் சுகவீனத்துக்கான லீவு. அதன் நோக்கமே ஓய்வெடுத்துக் குணமாகித் திரும்புவது. இரண்டாவது, வேலையில் அடிபட்டவருக்கான நட்டஈடு. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் தொழிலாளருக்கு அந்த உரிமையைத் தருகிறது. எந்த உறுப்புப் போனால் உழைக்கும் திறனில் எத்தனை சதவீதம் இழப்பு என்று அதில் ஓர் அட்டவணையே உண்டு. விரலை இழந்தவர் படுத்திருக்கிறாரா, நடக்கிறாரா என்று அந்த அட்டவணை கேட்பதில்லை. மூன்றாவது, ஊழியர் சேமலாப நிதி. ஒருவருக்கு நிரந்தரமாகவும் முழுமையாகவும் வேலை செய்ய இயலாது என்று வைத்தியம் உறுதிப்படுத்தினால், உரிய வயதுக்கு முன்பே அவர் தன் பணத்தைப் பெறலாம். "இனி வேலை செய்ய ஏலாது" என்பது இங்கேதான் உண்மையாகவே நிபந்தனை ஆகிறது. நான்காவது, நான் பெறும் மாதாந்தக் கொடுப்பனவு. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உரிய நிபந்தனைகளை நான்காவதன் தலையில் கட்டிவிட்டுத்தான் நம்மவர்கள் பயந்துகொண்டிருக்கிறார்கள்.

வெளிநாடுகளிலும் இந்தப் பயம் உண்டு. பிரித்தானியாவில் 2008 இல் கொண்டுவரப்பட்ட ஒரு கொடுப்பனவு, ஒருவருக்கு வேலை செய்ய எவ்வளவு இயலும் என்பதையே அளக்கிறது. ஆகவே அங்கு பயப்பட நம்மை விடக் காரணம் அதிகம். முழுநேர மாணவர்களுக்குச் சில கொடுப்பனவுகளில் தனி விதிகளும் உள்ளன. ஆனால் அங்கும் சம்பளமில்லாத தொண்டு செய்யத் தடையில்லை. பஸ் காசு போன்ற செலவுக்குத் தரும் பணம் வருமானமாகக் கணக்கிடப்படுவதில்லை. 2013 இல் தொடங்கிய மற்றொரு கொடுப்பனவோ, இயலாமையால் வரும் மேலதிகச் செலவுக்கானது. அதைப் பெறுபவர் படிக்கலாம், வேலையும் செய்யலாம். பக்கத்து இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் சட்டம், அரச உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 5 சதவீத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. உதவி பெறுபவர் படிக்கட்டும் என்றுதான் இவையெல்லாம் சொல்கின்றன.

நம் நாட்டுச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி ஒருவரைக் கல்வி நிறுவனத்தில் சேர்க்க மறுப்பதையும் வேலைவாய்ப்பில் பாகுபாடு காட்டுவதையும் தடுக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016 இல் இலங்கை உறுதிப்படுத்தியது. பரீட்சைத் திணைக்களத்திடம் வைத்திய அறிக்கையோடு உரிய காலத்தில் விண்ணப்பித்தால் மேலதிக நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், பிரெயில், எழுதித் தர ஓர் உதவியாளர் போன்ற வசதிகளைப் பெறலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென விசேட அனுமதி ஏற்பாடு ஒன்றை வைத்திருக்கிறது. தினமும் வகுப்புக்குப் போக இயலாதவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்குப் பதுளையிலும் நிலையம் உண்டு. கைத்தொழில் கற்க விரும்புவோருக்குச் சீதுவை, வத்தேகம போன்ற இடங்களில் சமூக சேவைகள் திணைக்களத்தின் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1988 ஆம் ஆண்டின் 27/88 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அரச துறை வெற்றிடங்களில் 3 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. ஆனால் அந்தப் பதவிக்கு உரிய தகைமை இருந்தால்தான் அந்த இடம் கிடைக்கும். சாதாரண தரம் எழுதாதவருக்கு அந்த 3 சதவீதத்தால் என்ன பயன்? பத்தாயிரம் ரூபா நின்றுவிடும் என்று பயந்து பிள்ளையின் படிப்பை நிறுத்துபவர்கள், பிற்காலத்தில் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய சம்பளத்தைத் தாங்களே நிறுத்துகிறார்கள்.

இப்போது தொண்டைப் பற்றி. நாங்கள் போகும் வகுப்பில் யாரும் எங்களுக்குப் பணம் தருவதில்லை. பணம் வராத இடத்தில் வருமானம் இல்லை. பஸ் காசைத் தந்தாலும் அது போன செலவு திரும்புவதே. ஆனால் நாளை ஒரு பாலர் பாடசாலையில் மாதாமாதம் ஒரு தொகை தந்து என்னை வரச் சொன்னால், அது தொண்டு அல்ல, வருமானம். அதை மறைக்கக் கூடாது. பிரதேச செயலகத்துக்குத் தெரியப்படுத்திவிட்டுத்தான் பெற வேண்டும். அதேபோல் வைத்தியரிடம் இருப்பதைக் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது. வகுப்பு எடுப்பதை மறைப்பதற்காக நொண்டிக் காட்ட வேண்டியதில்லை. இயலாமையைப் பார்த்து வெட்கப்பட்டு, வலியே இல்லை என்று சொல்லவும் வேண்டியதில்லை. மேடு ஏறிய மறுநாள் என்னால் செயற்கைக் காலைப் போடவே முடியாது. ஞாயிற்றுக்கிழமையை ஒரே கதிரையில் கழிப்பேன். சனிக்கிழமை என்னைக் காண்பவர்களுக்கு ஞாயிறு தெரியாது. இரண்டும் சேர்ந்ததுதான் என் நிலைமை.

சந்தேகம் இருந்தால் என்ன செய்வது? பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்பதை விடுத்து, எழுத்தில் கேட்க வேண்டும். நான் ஒரு கடிதம் எழுதினேன். "நான் உயர் தரம் கற்கிறேன். சனிக்கிழமைகளில் சம்பளமின்றிப் படிப்பிக்கிறேன். இதனால் என் கொடுப்பனவுக்கு ஏதும் பாதிப்பு உண்டா? உண்டென்றால் எந்த விதியின்படி?" என்று நான்கே வரிகள். பிரதி ஒன்றை என்னிடம் வைத்துக்கொண்டு, திகதி முத்திரையும் பெற்றுக்கொண்டேன். கடிதத்தை வாங்கிய உத்தியோகத்தர் படித்துவிட்டுச் சிரித்தார். "சம்பளம் எடுக்கிறீங்களா மகள்? இல்லையே! பிறகு என்ன, நல்லாப் படிங்க" என்றார். சென்ற வருடம் வேறொருவர் என்னிடம் "வெளியே அதிகம் திரியாதீங்க" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள் என்பதால்தான் எழுத்து வேண்டும் என்கிறேன். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தப் பிரஜையும் ஒரு விதியின் பிரதியைக் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். 1987 இல் வந்த 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆனது. சிங்களத்தில் நிரப்பத் தெரியாது என்பதற்காகத் தோட்டத்தில் எத்தனை படிவங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன!

அறிவைத் தேடுவதையும் சேவை செய்வதையும் இயலாமையோடு சேர்த்துப் பார்க்க நம் வரலாற்றிலேயே ஒருவர் இருக்கிறார். அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் (ரழி) அவர்கள் பார்வையற்றவர். அறிவு தேடி நபி (ஸல்) அவர்களிடம் வந்தவர். சூறா அபஸ அவரை முன்னிட்டே இறங்கியது என்பதை நாம் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். பிலால் (ரழி) அவர்களோடு அவரும் மதீனாவின் முஅத்தினாக இருந்தார். நபியவர்கள் பயணம் போனபோது மதீனாவின் பொறுப்பே அவரிடம் விடப்பட்டதுண்டு. "உமக்குத்தான் பார்வை இல்லையே, வீட்டில் இரும்" என்று அவரிடம் யாரும் சொல்லியிருந்தால் அந்த அதான் ஒலித்திருக்காது.

இனி இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியவரைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வகுப்பின் வாசலில் ஓர் அக்கா வந்து நிற்பார். வயது இருபது. பிறவியிலேயே பார்வை மங்கல். புத்தகத்தை மூக்கோடு ஒட்டினால்தான் எழுத்துத் தெரியும். தம்பியின் கையைப் பிடித்து வகுப்பில் விடுவார்; முடியும்வரை வாசலிலேயே நிற்பார்; உள்ளே வரமாட்டார். ஒருநாள் நான் வாய்ப்பாடு கேட்டபோது பிள்ளைகள் தடுமாற, வாசலிலிருந்து அவர் சொன்னார். பதினேழாம் வாய்ப்பாடு, ஒரு பிழையும் இல்லாமல்.

அவருடைய அம்மா கொழுந்து எடுப்பவர். மாலையில் மலையிலிருந்து இறங்கி வந்தவரிடம், அக்காவை வகுப்புக்கு உள்ளே அனுப்பக் கேட்டேன். அம்மா கூடையை இறக்கிவிட்டுத் தயங்கினார்.

"இல்ல டீச்சர். இவளுக்குக் கண்ணு தெரியலன்னுதான் காசு வருது. புத்தகத்தோட யாராச்சும் பாத்துட்டா, கண்ணுதான் தெரியுதேன்னு நிறுத்திப்புடுவாங்க. அதனாலதான் பத்தாம் வகுப்போட நிப்பாட்டிட்டோம்."

எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் உம்மா சொன்ன அதே பயம். ஆனால் நான் ஒரு மாதம்தான் அந்தப் பயத்தோடு இருந்தேன். அந்த அக்காவிடமிருந்து அது நான்கு வருடங்களை எடுத்துக்கொண்டுவிட்டது. வைத்தியரின் அத்தாட்சி மங்கிய கண்ணைப் பற்றியது, புத்தகத்தைப் பற்றியது அல்ல என்று விளக்கினேன். என்னுடைய செயற்கைக் காலைக் காட்டி, "நானும் அதே காசுதான் எடுக்கிறேன் அம்மா, நானும் படிக்கிறேன்" என்றேன். அவர் என் காலைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அன்று ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை அக்கா உள்ளே வந்து பின்வாங்கில் உட்கார்ந்தார். கறுப்பு மார்க்கரால் பக்கத்துக்கு நான்கு வரி வீதம் பெரிதாகப் பாடத்தை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்கில் ஒட்டாமல் அவர் படித்த முதல் பக்கம் அதுதானாம். இப்போது கணித வகுப்பில் சிறுவர்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது அவர்தான். என்னை விட வயதில் மூத்தவர், ஆனாலும் பிள்ளைகளோடு சேர்ந்து என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறார். வேண்டாம் என்று சொல்லி அலுத்துவிட்டேன்.

சென்ற வாரம் அவருடைய அம்மா வகுப்பு முடியும் நேரம் வந்து நின்றார். "அப்ப இவ ஓஎல் எழுதலாமா டீச்சர்? பெரிய எழுத்துல பேப்பர் குடுப்பாங்கன்னு சொன்னீங்களே?" என்று கேட்டார். பாடசாலையை விட்டவர் பிரத்தியேக பரீட்சார்த்தியாகத் தோற்றலாம், விண்ணப்பிக்கும்போதே விசேட வசதியையும் கேட்க வேண்டும் என்று சொன்னேன். அதற்குக் கண் வைத்தியரின் அறிக்கை தேவை. கிளினிக் நாள் வேலை நாள். அம்மாவுக்கு ஒருநாள் சம்பளம் போகும். இன்னும் எல்லாம் சரியாகிவிடவில்லை. வருகிற வாரம் எங்கள் உம்மா அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார். "மகள், அந்தப் புள்ளைக்கிக் காலைலயே இங்க வரச் செல்லுங்க, சாப்புட்டுட்டுப் போவம்" என்றார், முதலில் என்னைத் தடுத்த அதே உம்மா.

சகோதரிகளே, உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், நீங்கள் பஸ்ஸில் கடந்துபோகும் லயங்களில் இப்படி வாசலில் நிற்பவர்கள் இருக்கலாம். அவர்களிடம் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். உதவிப் பணம் பெறுவதற்காகப் படிப்பை விட வேண்டியதில்லை. பிறருக்கு உதவி செய்வதால் அந்தப் பணம் பொய்யாகிவிடுவதும் இல்லை. சந்தேகம் இருந்தால் நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். அவர்களால் எழுத முடியாவிட்டால் நீங்கள் எழுதிக் கொடுங்கள்.